அது என் ரத்தம் இல்ல

நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேயாவது பிசாசாவது என்று உங்களைவிடச் சத்தமாகச் சிரித்தவன் நான். பல வருடமாக ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ரத்தத்தைப் பார்த்துப் பயந்தால் எனக்குச் சோறு கிடையாது.

ஆனால் இது நடந்தது. கற்பனை என்று சொல்கிறவன் என் கையில் ஒரு ஊசியைக் குத்திப் பார்க்கட்டும்.

பயிற்சிக்காக வெளியூர் போனபோது, ஒருத்தியோடு ஓர் இரவு தங்கினேன். பெயர்கூடக் கேட்கவில்லை. பாதுகாப்பும் இல்லை. ஊருக்கெல்லாம் எச்.ஐ.வி. டெஸ்ட் பார்க்கிறவன் செய்கிற காரியமா அது? சில வாரத்தில் காய்ச்சல் வந்தது. தொண்டையில் புண். வீட்டில் மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். முதுகு வலி என்று சாக்குச் சொல்லிவிட்டுக் கூடத்தில் படுத்தேன்.

"என்னங்க, எம்மேல கோவமா?" என்று கேட்டாள். காது கேட்காதவன்போல் புரண்டு படுத்தேன்.

டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் என் பெயரைப் பதிந்தால் கவுன்டர் பெண் பார்ப்பாள். அவள் வாயில் விழுந்தால் என் மானம் கப்பலேறிவிடும். ஸ்டிக்கர் ஒட்டாத ட்யூபை எங்கள் மெஷினும் ஏற்காது.

ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு ஸ்டிக்கர் அச்சாகும். ஒன்று ட்யூபுக்கு. கிழிந்தால் மாற்றுவதற்காக இன்னொன்றை ட்ரே ஓரத்தில் ஒட்டி வைப்போம். அன்று காலை பித்தப்பை ஆபரேஷனுக்காக ரத்தம் கொடுத்துவிட்டுப் போன ஒரு பெண்ணின் ஸ்டிக்கர் அங்கே இருந்தது. மஞ்சள் சேலைக்காரி. ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டவள். என் கையில் நானே குத்தி ரத்தம் எடுத்து, அவள் ஸ்டிக்கரை அதில் ஒட்டினேன். மெஷினில் முதலில் என்னுடையது, பிறகு காலையில் எடுத்த அவளுடையது. இரண்டாவதை ஓட்டினால் முதல் முடிவு அழிந்துவிடும். ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது.

திரையில் வந்தது... பாசிட்டிவ்.

கழிவறைக்கு ஓடினேன். வாந்தி எடுத்து, முகம் கழுவிக்கொண்டு வந்தால், கவுன்டர் பெண் ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தாள்.

"எல்லாம் வந்திருச்சுண்ணே. அதான் தட்டி விட்டுட்டேன்."

பாசிட்டிவ் வந்தால் இன்னொரு முறை பார்த்து, ஆளை நேரில் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். இவள் திரையைப் படித்தால்தானே! பதிவில் இருந்தது அந்தப் பெண்ணின் கணவனுடைய நம்பர்.

ஒரு போன் போட்டிருக்கலாம். 'தப்பு எங்களுடையது' என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் அது யார் ரத்தம் என்று கேட்பார்களே? இரண்டு ட்யூபையும் கழிவு வாளியில் போட்டேன். எப்படியும் மறுபடி டெஸ்ட் எடுப்பார்கள், ஒரு நாள் அழுதுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை 5.50.

வெறும் வயிற்றில் வருகிறவர்களுக்காக ஆறு மணிக்குத் திறப்போம். ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய் விளக்கைப் போட்டேன்.

ரத்தம் எடுக்கும் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

பூட்டைத் திறந்தது நான். இவள் எப்படி உள்ளே...?

"இன்னும் திறக்கலம்மா" என்றேன்.

"அது என் ரத்தம் இல்ல. மறுபடி எடுங்க."

அதே மஞ்சள் சேலை. ஒரு காலில் மட்டும் செருப்பு. பின்னல் நனைந்திருந்தது. வெளியே மழை இல்லை.

வேறு ஏதாவது கேட்டுவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம். அவசரமாக ரப்பர் பட்டையைக் கட்டினேன். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த ட்யூப் மாதிரி இருந்தது கை.

குத்தினேன். ரத்தம் வரவில்லை.

மறுபடி. வரவில்லை.

இந்த முறை அவள் முகத்தைத் திருப்பவில்லை. என்னையே பார்த்தாள். இமைக்கவே இல்லை...

மூன்றாவது குத்து.

வந்தது. கறுப்பாக... மெதுவாக...

சுருக்கென்றது. வலித்தது என் கை.

பஞ்சு வைத்து, பிளாஸ்திரி ஒட்டினேன். ட்யூபை ஸ்டாண்டில் வைத்துத் திரும்பினேன்.

நாற்காலி காலி.

டப்...

ஒற்றைச் செருப்பு. வாசல் பக்கம் இல்லை. உள்ளே...

டப்...

கழிவு வாளிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

கவுன்டர் பெண் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மஞ்சள் சேலைக்காரியின் ஸ்டிக்கரை மறுபடி அச்சடித்து ஒட்டி, ட்யூபை மெஷினில் ஓட்டினேன். நெகட்டிவ். சொன்னால் திட்டுவீர்கள், அப்பாடா என்றிருந்தது. திருத்திய ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு டீ குடித்தேன்.

ஒன்பது மணிக்கு அவள் கணவன் வந்தான். கையில் போன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"இப்ப அனுப்புறீங்களே, இத வச்சு நான் என்னய்யா பண்ணுவேன்?" என்று கத்தினான். "நேத்து அதப் பாத்துட்டு அவள அடிச்சு வெளிய தள்ளிக் கதவச் சாத்தினேன். அது என் ரத்தம் இல்ல, மறுபடி எடுத்துக் காட்டுறேன்னு இங்கதான் வந்திருக்கா. உங்க தெருமுனையிலயே லாரி..."

"எப்ப?"

"நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு."

அவன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேஜையில் போட்டான். எங்கள் நிலையத்தின் பெயர் அச்சடித்த பிளாஸ்திரி. பஞ்சு இன்னும் ஈரம்.

"ராத்திரி கொண்டுபோய் வைக்கும்போது கையில ஒண்ணுமில்ல. பிணவறையப் பூட்டினாங்க. காலையில பாத்தா கையில இது, புதுசா மூணு குத்து. பிணத்துக்கிட்டகூட ரத்தம் எடுப்பீங்களாடா?"



போன வாரம் பிரசவ டாக்டர், "புருஷனுக்கும் ரத்தம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டாள். மனைவி என்னை விடவில்லை. நான்கு ஆஸ்பத்திரி ஏறி இறங்கிவிட்டோம். இடது கை, வலது கை, விரல் நுனி... எங்கே குத்தினாலும் ஒரு சொட்டு வரவில்லை.

"என்ன சார், உடம்புல ரத்தமே இல்லையா?" என்று நேற்று நர்ஸ் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இமைக்கவே இல்லை.

"எதையாவது மறைக்கிறீங்களாங்க?"

என் உடம்பிலிருந்து கடைசியாக வந்த ரத்தம் நானே குத்தி எடுத்து, கழிவு வாளியில் போட்ட அந்த ஒரு ட்யூபில் இருந்ததுதான். அதில் ஒட்டியிருந்தது அவள் பெயர்.