தலைப்பாகையை எண்ணிய காலம்

நகரத்தின் ஓர் ஓரத்துக்கென்று அந்த நாளில் ஒரு சிறு சபை இருந்தது. தெருவிளக்கு, சாக்கடை, தண்ணீர் எல்லாம் அதன் கையில். அதில் நான் குமாஸ்தா. கூட்டம் நடக்கும்போது தலைவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணி எழுத வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் அந்தச் சபையைப் பார்த்ததில்லை.

அங்கே எண்ண வேண்டியது தலையை அல்ல, தலைப்பாகையை. அது இல்லாமல் யாரும் சபையில் உட்காரக் கூடாது. அதைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டால் அந்த உறுப்பினர் வெளியே போய்விட்டதாக அர்த்தம். பொடி போட வராந்தாவுக்குப் போகிறவர்களுக்காக யாரோ எப்போதோ ஏற்படுத்திய வழக்கம். கழற்றியவர் அதே நாற்காலியில் வழுக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் நான் அவரை எழுத மாட்டேன். இருப்பவர்கள் பாதிக்குக் குறைந்தால் கூட்டம் கலைந்துவிடும்.

மண்டிக்காரர்கள் கட்சி இதை வைத்தே காலம் தள்ளியது. சபையில் அவர்கள் சிறுபான்மைதான். ஆனால் எதிர்த்தரப்பில் எல்லோரும் ஒரே நாளில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஒருவருக்குக் கோர்ட்டு, ஒருவருக்கு மூட்டுவலி, ஒருவருக்கு மைத்துனி கல்யாணம். பிடிக்காத தீர்மானம் வந்ததும் மண்டிக்காரர்கள் சேர்ந்தாற்போல் தலைப்பாகைகளைக் கழற்றுவார்கள். மேஜைமேல் பூசணிக்காய்க் கடை விரித்த மாதிரி இருக்கும். கூட்டம் முடிந்தது.

என் அக்காவின் கணவர் மில்லில் மேஸ்திரி. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே சந்தில். அந்தச் சந்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய் கொண்டுவருவேன் என்று சொல்லித்தான் மாமா சபைக்கு வந்தார். குழாய்த் தீர்மானம் வரும்போதெல்லாம் பூசணிக்கடை விரிந்தது. பெண்கள் குடத்தோடு மில் கிணற்றடியில் நின்றுகொண்டே இருந்தார்கள்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா என்மேல் பாய்ந்தார்.

"மச்சான், ஆளு கண்ணு முன்னால உக்காந்துக்கினு இருக்கான். இல்லன்னு எழுதறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"ரூலு அப்படி மாமா. என் கண்ண யாரு கேட்டாங்க?"

"ரூலா? மாத்திக் காட்றேன் பாரு."

சொன்னபடி செய்தார். தலைவர் அவர் கட்சிக்காரர். அடுத்த முறை தலைப்பாகைகள் மேஜைக்கு வந்ததும் தலைவர் வாசற்கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "உட்கார்ந்திருக்கும் எல்லோரையும் எழுது" என்றார். தலைகளை எண்ணினேன். பாதிக்கு மேலேயே இருந்தன. மண்டிக்காரர்கள் கன்னடத்திலும் தமிழிலும் கத்தினார்கள், ஒருவர் தெலுங்கில் அழுதே விட்டார். அவர்களையும் சேர்த்து எழுதினேன், குழாய்த் தீர்மானம் நிறைவேறியது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான், அதை முகத்தில் காட்டக் குமாஸ்தாவுக்கு உரிமை இல்லை.

பிறகு மண்டிக்காரர்கள் பேசியே பொழுதைப் போக்கப் பார்த்தார்கள். சாக்கடை மூடி பற்றி ஒருவர் மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை பேசினார். அதற்கும் மாமா ஒரு வழி கண்டார். பேசியது போதும் என்று பெரும்பான்மை கை தூக்கினால் பேசுகிறவர் உட்கார வேண்டும். உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுவது, இது, இரண்டும் விதிகளாக அச்சாகிச் சுவரில் தொங்கின. மாமா போகும்போதும் வரும்போதும் அவற்றை ஒரு பார்வை பார்ப்பார், சொந்தப் பிள்ளையின் போட்டோவைப் பார்க்கிற மாதிரி.

அடுத்த தேர்தலில் மண்டிக்காரர்கள் பெரும்பான்மை ஆனார்கள். வல்லான் வகுத்ததே வாய்க்கால். வண்டிகள் மார்க்கெட்டுக்குப் போக அகலமான ரஸ்தா வேண்டும் என்றார்கள். ரஸ்தா எங்கள் சந்தின் வழியாக வரும், இரு பக்கத்து வீடுகளும் போகும். குடியிருப்பவர்கள் எங்கே போவது என்பதற்குத் தீர்மானத்தில் ஒரு வரி கூட இல்லை.

தீர்மானம் வருகிற வாரம் மண்டிக்காரர்கள் சிலர் ஒரு கல்யாணத்துக்காகத் தும்கூர் போயிருந்தார்கள். மாமாவின் கட்சியார் கூடிப் பேசி, யாரும் சபைக்குப் போவதில்லை, பாதிப் பேர் சேராமல் கூட்டம் தானே கலையட்டும் என்று முடிவு செய்தார்கள். மாமா மட்டும் சட்டையை மாட்டினார்.

"போகாதீங்க மாமா. நீங்க போனா கூட்டம் கூடிடும்."

"அவனுங்க தலப்பாவ கழட்டி ஒளிஞ்சானுங்க. நாம வூட்ல ஒளியறதா? ஜனங்க ஓட்டு போட்டது நான் பேசறதுக்கு. கேட்டா அவனுங்களுக்கும் மனசு எளகும்."

அவர் பேச எழுந்தார். பெரிய பேச்சாளர் இல்லை. சந்தில் எத்தனை குழந்தைகள் என்று சொல்லத் தொடங்கியபோதே "போதும்" என்று ஒரு குரல் வந்தது, கைகள் உயர்ந்தன. மாமா சுவரைப் பார்த்தார். உட்கார்ந்தார். புதுத் தலைவர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, ஓட்டெடுக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டார்.

எண்ணத் தொடங்கினேன். அப்போதுதான் மாமா தலைப்பாகையைக் கழற்றினார். அவ்வளவு நாள் எவர்களைத் திட்டினாரோ அவர்களைப் போலவே இரண்டு கையாலும் எடுத்து மேஜைமேல் வைத்தார். நரைத்த தலையோடு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அவர் என்னிடம் எதையும் கெஞ்சியதில்லை.

அவரை விட்டால் பாதிக்கு ஒருவர் குறைவு. சேர்த்தால் சரியாகப் பாதி. என் வீடும் அந்தச் சந்தில்தான் இருந்தது. விதி சுவரில் இருந்தது, எல்லோருக்கும் கண் இருந்தது.

"பாதி இருக்குங்க" என்றேன்.

வீடு திரும்பும்போது மாமா தலைப்பாகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். சந்து முனையில் அக்கா குழாயடியில் குடத்தை வைத்து நின்றிருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"உன் தம்பி சரியா எண்ணிட்டான்" என்றார் மாமா.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.