முப்பத்தோர் ஆண்டு ‘நீங்க’

எடெல்கா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெருமைகளுள் தலையாயது, அவள் ஒருநாளும் குடித்து நிலை தவறியதில்லை என்பது. நிலவறை வைத்து ஒயின் வார்க்கும் பெண்ணுக்கு இது சிறிய பெருமையன்று. போரோகா கிராமத்தார் இதைக் கேட்கும்போதெல்லாம் தலையசைப்பார்கள். சிலர் சற்று வேகமாகவே அசைப்பார்கள். அது ஏன் என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை.

அவள் மீன் சூப்பையும் தொடமாட்டாள். தபால் நிலைய எழுத்தராக மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து, கையோடு நிலவறையும் வாங்கிய ஆண்டில், அறுவடை விழாவன்று பக்கத்து நிலவறைக்காரர் வெண்டெல் கொப்பரையில் காய்ச்சிய மீன் சூப்பைக் குடித்தாள். மறுநாள் முழுவதும் அவளுக்குத் தலை பிளந்தது. அன்றோடு ஆற்று மீனுக்கும் அவளுக்கும் இருந்த உறவு முறிந்தது. ஒவ்வோர் ஆண்டும் வெண்டெல் ஒரு கிண்ணம் நீட்டுவார். ஒவ்வோர் ஆண்டும் அவள், “நன்றிங்க, நீங்க சாப்பிடுங்க” என்பாள்.

அந்த ‘நீங்க’தான் இப்போது அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

தபால் நிலையச் சாளரம் அவளுக்கு எல்லோரையும் ‘நீங்க’ என்று அழைக்கக் கற்றுக்கொடுத்திருந்தது. கடிதம் வாங்க வந்தவரோடு வந்த நாயைக்கூட ஒருமுறை, “நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க” என்று சொல்லியிருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமைச் சந்தையில் புட்டி அடுக்கும்போதும் அந்தச் சாளரம் அவள் முகத்தை விட்டு அகலவில்லை.

ஆனால், ஒயின் சுவைக்க நகரத்திலிருந்து வருபவர்களுக்கு ‘பெர்து’ குடிக்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பவளும் அவளே. இருவர் முழங்கைகளைக் கோத்துக்கொண்டு, கோப்பையைக் காலி செய்து, கன்னத்தில் முத்தமிட்டுத் தத்தம் பெயரைச் சொல்ல வேண்டும். அந்த நொடி முதல் அவர்களுக்குள் ‘நீங்க’ கிடையாது, சாகும்வரை ‘நீ’தான். முன்பின் அறியாதவர்கள்கூட அவளுடைய நிலவறையில் கால் மணி நேரத்தில் ‘நீ’ ஆகிவிடுவார்கள். அதைக் கைதட்டி ரசிக்கும் எடெல்காவோ, சுவருக்கு அப்பால் இருந்த வெண்டெலை முப்பத்தோர் ஆண்டுகளாக ‘நீங்க’ என்றே அழைத்துவந்தாள். சமையற்காரர் பட்டினி கிடப்பதற்கு இது ஒப்பாகும்.

காரணம் கேட்டால் அவளிடம் சட்டம் இருந்தது. பெர்துவுக்குப் பெண் அழைக்க வேண்டும் என்பார்கள். மூத்தவர் அழைக்க வேண்டும் என்றும் சொல்வார்கள். வெண்டெல் அவளைவிட நான்கு மாதம் மூத்தவர். ஆகவே அவர் அழைக்கட்டும் என்று காத்திருந்தாள். மனைவியை இழந்து தனித்திருந்த அவர், அவளைக் கண்டால் தொப்பியைத் தொட்டு, “கைக்கு முத்தம், எடெல்கா அம்மா” என்பார். அதை வாயால் சொல்வதோடு சரி. முத்தம் கைக்கு வந்து சேர்ந்ததேயில்லை.

இந்த இலையுதிர்காலத்தில் சில்லா வந்து சேர்ந்தாள். தலைநகரிலிருந்து வந்து, மேட்டில் இருந்த பழைய வீட்டை வாங்கியவள், ஐம்பது வயது, சிவப்புக் காலணி. வந்த மூன்றாம் நாள் சந்தையில் எல்லோர் காதிலும் விழும்படி, “வெண்டெல், உன் மிளகாய்த்தூள்ல எனக்கும் கொஞ்சம் குடேன்!” என்றாள். எடெல்காவின் கையிலிருந்த புட்டி நழுவி, தேன்காரியின் கூடைக்குள் விழுந்தது.

அன்றே அவள் முடிவு செய்தாள். சட்டம் எப்படியோ போகட்டும். அறுவடை விழாவன்று தானே அழைப்பது. இல்லாவிட்டால் அவருக்கு அவள் கடைசிவரை தபால் நிலையச் சாளரமாகவே இருந்துவிடுவாள். ஒரு வாரம் பீப்பாய்க்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாள். பீப்பாய் மறுப்பேதும் சொல்லவில்லை.

விழாப் பிற்பகலில் குதிரை வண்டிகளின் ஊர்வலத்தைக் காண எல்லோரும் தேவாலயத்துப் பக்கம் போயிருந்தார்கள். எடெல்கா தன் ஆகச் சிறந்த ஒயினை இரண்டு கோப்பைகளில் ஊற்றிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். வெண்டெல் கொப்பரையின் காதைப் பிடித்து மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். மீன் சூப்பில் கரண்டி விட்டுக் கிளறுபவரை அவர் மனிதராகவே மதிக்கமாட்டார்.

“கைக்கு முத்தம், எடெல்கா அம்மா.”

“வெண்டெல் ஐயா, உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா... தயவுசெஞ்சு... நாம ரெண்டு பேரும் பெர்து குடிக்கறது சம்பந்தமா...” மணியார்டர் படிவத்தின் நடை தன் வாயிலிருந்து வருவதை அவளே கேட்டாள்.

வெண்டெல் கோப்பைகளைப் பார்த்தார். “அது முடியாதுங்களே.”

“சில்லாவா?”

“சில்லாவா? அந்தம்மா என் வாத்தைக்கூட நீன்னுதான் கூப்பிடுது. அது இல்லீங்க. பெர்துவ ரெண்டாந்தடவ குடிக்கற வழக்கம் இல்லீங்களே. நாமதான் ஏற்கெனவே குடிச்சாச்சே.”

“எப்போ?”

“நீங்க வந்த வருஷம், விழா நடனத்துல. நீங்கதான் ரெண்டு கோப்பையோட வந்தீங்க. கையக் கோத்துக் குடிச்சோம். ‘வெண்டெல், நீ கரடி மாதிரி ஆடற’ன்னு சொன்னீங்க. அப்புறம் என் வெள்ளைச் சட்டையில ஒயினக் கொட்டினீங்க. அதுக்கப்புறம் பிடில்காரன்கிட்டேருந்து பிடிலப் பிடுங்கி...”

“போதும்!”

“மறுநாள் காலையில வந்து, ‘மன்னிக்கணும் ஐயா, பீப்பாயில ஒயின் எடுக்கற கண்ணாடிக் குழல நீங்க இரவல் தர முடியுமா’ன்னு கேட்டீங்க. சரி, இந்தம்மா விடிஞ்சதும் வருத்தப்பட்டுட்டாங்கன்னு நினைச்சேன். என் சூப்பையும் விட்டுட்டீங்க. அப்புறம் நான் எந்த வாயால நீன்னு சொல்றது?”

எடெல்காவுக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருந்தது. தலை பிளந்த காலை. அதற்கு முந்தைய மாலையைத் தேடினாள். மீன் சூப்பு இருந்தது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. முப்பத்தோர் ஆண்டுகளாக ஒரு நிரபராதி மீனின்மேல் பழி சுமத்திவந்திருக்கிறாள்.

“இது ஊருக்குத் தெரியுமா?” என்றாள் ஈனக் குரலில்.

“பிடில் விஷயமா? எல்லாருக்கும் தெரியாது. பாதிரியாருக்குத் தெரியும்.”

“அவர் பாத்தாரா?”

“அவரோடயும் நீங்க பெர்து குடிச்சீங்களே!”

எடெல்கா, அடுக்கி வைத்திருந்த விறகின்மேல் கோப்பைகளை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வேகமாக அசைந்த தலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கண்முன் வந்துபோயின. ஞாயிறுதோறும் பாதிரியார் அவளைக் கண்டதும் ஏன் இருமுகிறார் என்பதும் விளங்கிற்று.

இனி, குடித்துவிட்டுச் சொல்லவும் வழியில்லை. தெளிந்த புத்தியோடுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். ‘நீங்க’ வந்து பல்லில் முட்டியது. அதை விழுங்கினாள்.

“வெண்டெல்,” என்றாள். “சூப்பு அடிபிடிக்குது. நீ... நீ கொப்பரையத் திருப்பு.”

வெண்டெல் திருப்பினான். அவன் காது மடல்கள் மிளகாய்த்தூளின் நிறத்துக்கு வந்திருந்தன. ஒரு கிண்ணத்தில் சூப்பை வார்த்து அவளிடம் நீட்டினான்.

“முள்ளு இருக்கு, எடெல்கா. பாத்துச் சாப்பிடு.”

அவள் ஊதி ஊதிக் குடித்தாள். விறகின்மேல் இருந்த இரண்டு கோப்பைகளும் வெறும் ஒயினாகவே காத்திருந்தன.

“எப்படி இருக்கு?” என்றான் வெண்டெல்.

முப்பத்தோர் ஆண்டுகளாக வேண்டாம் என்று சொன்னது தவறே என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

“உப்பு கூடிப்போச்சு,” என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை மறுபடியும் நீட்டினாள்.