நெட்டைக்கல் அய்யாவின் பிடிமண்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று போடியில் என் ஏலக்காய்க் கடைக்குள் படித்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ஆனால் என்னை முதன்முதலில் பெரிய மனிதனாக்கிப் பார்த்தவர் என் பெரியப்பா. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ராசிங்காபுரத்தில் எங்கள் மானாவாரிப் புஞ்சையின் நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. எந்தக் காலத்தில் யார் நட்டதோ, எங்களுக்கு அது நெட்டைக்கல் அய்யா. கல் யார் பங்கில் இருக்கிறதோ அவருக்குத்தான் சாமி கும்பிடும்போது முதல் மாலையும் கிடாயின் தலையும். பாகம் பிரிக்கையில் பெரியப்பா கண் கலங்கினார்.

"அய்யா தம்பிகிட்டயே இருக்கட்டும். எனக்கு அந்தக் கெணத்துத் தோட்டம் போதும்."

அப்பா அண்ணன் காலில் விழுந்து எழுந்தார். புஞ்சையில் தானும் ஒரு கிணறு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார்.

கடப்பாரை இறங்குவதற்கு முன்னால் அரசாங்கத்துப் பலகை வந்து இறங்கியது. கல் ஆதிகாலத்துச் சின்னமாம். சுற்றிலும் தோண்டக் கூடாது, எண்ணெய் பூசக் கூடாது, கிடாய் வெட்டக் கூடாது. கிணறும் போனது, மாலையும் போனது. பாகம் பிரிப்பதற்கு முன்பே அரசாங்கத்து ஆட்கள் வந்து கல்லை அளந்து போயிருந்தார்கள். அன்று அப்பா குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருந்தார். அளந்தவர்களுக்கு மோர் கொடுத்து, விவரம் கேட்டு அனுப்பியவர் பெரியப்பா. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போதோ, யார் புஞ்சையிலும் இல்லாத பலகை எங்கள் புஞ்சையில் நிற்கிறது என்று பயல்களிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த வருஷம் பெரியப்பா தன் தோட்டத்தில் ஒரு புதுக்கல் நட்டார். பழைய இடத்து மண்ணில் ஒரு பிடி போய்ச் சேர்ந்தால்தான் புதுக்கல்லில் சாமி இறங்கும். அந்த மண்ணைப் பங்குக்காரன்தான் தன் கையால் அள்ளிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா வந்து கேட்டார்.

"சாமிய அரசாங்கம் எடுத்துக்கிருச்சு. மண்ண நீங்க எடுக்க விடமாட்டேண்ணே," என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடி மலையேறிவிட்டார்.

மறுநாள், அம்மா களைவெட்டுக்குப் போயிருந்த நேரம், பெரியப்பா எனக்குப் புது வேட்டி கட்டிவிட்டுக் கொட்டுமேளத்தோடு புஞ்சைக்கு அழைத்துப்போனார்.

"இந்தப் பங்குக்கு நீதான அப்பு வாரிசு. வெரசா அள்ளு."

பலகைக்குக் காவல் இருந்தவர், ஒரு பிடிதானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அள்ளிக் கொடுத்தேன். தோட்டத்தில் கிடாய் வெட்டிப் படைத்தார்கள். முதல் மாலை பெரியப்பாவுக்கு. அடுத்த மாலை எனக்கு. என் வயதுப் பயல்கள் வாயைப் பிளந்து நின்றார்கள்.

அப்பா மலையிலிருந்து இறங்கியதும் வாடிய மாலையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"நீயா அள்ளிக் குடுத்த?"

"ஆமாப்பா. ரெண்டு கையாலயும்."

அவர் என் கைகளைப் பிடித்து, விரித்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படையல் கறியில் தனக்கு ஒரு துண்டாவது கொண்டுவந்திருக்கிறேனா என்று தேடுகிறார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் அங்கேயே தின்றுவிட்டு வந்தது எனக்கு வெட்கமாக இருந்தது.