சட்டைப் பையில் ஒரு நட்டு

பட்டறையில் அவருக்குப் பெயர் ரெண்டுதரம். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. எதையும் இரண்டு தரம் பார்க்காமல் விடமாட்டார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போவார். ஏதோ மறந்தவர் போலத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "நீங்க அந்தப் பக்கம் போனதும் அது தானாத் தொறந்துக்கப் போகுதா?" என்று மனைவி கேட்பாள். இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டுப் போவார்.

சின்ன விமானங்களைப் பழுது பார்க்கிறவருக்கு இந்தக் குணம் வேண்டியதுதான். ஆனாலும் அவரைக் கேலி செய்யாத ஆளில்லை. அப்படிக் கேலி செய்கிறவர்கள்கூடத் தாங்கள் ஏறப்போகிற விமானம் என்றால், "ரெண்டுதரம் பார்த்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள். மனுஷ புத்தியே அப்படித்தானே.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய ஓடுதளம் உண்டு. தகரக் கொட்டகை ஒன்று, காற்றுத் திசை காட்டும் துணிப்பை ஒன்று, காவலுக்கும் எடுபிடிக்கும் ஒரே ஆள். அந்த ஆள் அவருடைய மைத்துனன். நாற்பது வயதாகியும் அக்காவுக்கு அவன் இன்னும் "தம்பிப் பயல்"தான். அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு நாள் மருந்துப் பெட்டிகளோடு ஒரு விமானம் போகும். அது நின்றதும் மூக்குக்கு உறை போடவேண்டும். மூக்கிலுள்ள விசிறி குத்துவாட்டில் நின்றிருந்தால் உறை நுழையாது. கையால் தள்ளிப் படுக்கைவாட்டில் நிறுத்தவேண்டும். அதற்கு மாமா சொல்லியிருந்த விதி ஒன்றே ஒன்று. "சாவியை உருவி முன்கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கறது வெளியேயிருந்து தெரியுதான்னு பார். தெரிஞ்சா மட்டும் விசிறியில கை வை."

இதில் உள்ள சூட்சுமத்தைச் சொல்லிவிட வேண்டும். வீட்டுச் சுவிட்சு விளக்கை எரியவிடும். விமானச் சுவிட்சின் வேலை பாதிக்குமேல் அணைப்பதுதான். என்ஜின் தனக்கு வேண்டிய தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஒரு மெல்லிய கம்பி வழியாகச் சுவிட்சு அதன் வாயை அடைக்கிறது, அவ்வளவே. அந்தக் கம்பி கழன்றால் ஆகாயத்தில் ஒரு குறையும் தெரியாது. விமானம் ஜோராகப் பறக்கும். தரையில் இறங்கி, எரிபொருளை நிறுத்தி, சாவியை உருவி வைத்த பிறகும் தீப்பொறி மட்டும் சாகாமல் இருக்கும். சிலிண்டரில் மிச்சமிருக்கும் துளி ஆவி போதும், விசிறியைத் தொட்டவனைப் பதம் பார்க்க.

இந்தச் சுவிட்சைப் பற்றி இரண்டு வாரத்துக்கு முன் போன் செய்தவனே மைத்துனன்தான்.

"மாமா, சுவிட்சு தேஞ்சு போச்சு. எந்தப் பக்கம் திருப்பி வெச்சாலும் சாவி கையோட வருது. அப்புறம் சாவி வெளியே தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? நீங்க புதுசு மாத்துற வரைக்கும் நான் விசிறியைத் தொடமாட்டேன்."

"தொடாதே மாப்ளே. உறையே போட வேணாம், பனியில நனைஞ்சா நனையட்டும்" என்றார். நம்மிடம் பழகியவன் நம்மைப் போலவே இருக்கிறானே என்று அன்று முழுக்க ஒரு பெருமை.

புதுச் சுவிட்சு நேற்று வந்தது. காலையில் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். உரசித் தேய்ந்திருந்த அந்த மெல்லிய கம்பியையும் மாற்றினார். என்ஜினை ஓடவிட்டுச் சாவியை ஒவ்வொரு நிலையிலும் திருப்பிப் பார்த்தார். எல்லாம் சரி. மறுபடி ஒரு தரம் பார்த்தார். அதுவும் சரி. வேலை முடிந்ததென்று கையெழுத்தும் போட்டாயிற்று. அதற்குப் பிறகு என்ஜின் மூடியைச் சாத்தப் போகும்போதுதான், கம்பியின் முனை சூடான புகைக்குழாய்ப் பக்கம் சாய்ந்திருந்தது கண்ணில் பட்டது. அதைப் பிடித்திருந்த நட்டைக் கழற்றி, முனையைச் சற்றே திருப்பி மறுபடி முடுக்கினால் தீர்ந்தது. அரை நிமிட வேலை. கழற்றினார். கழற்றிய நட்டுகளைக் காந்தத் தட்டில்தான் போடுவார், ஒருநாளும் பையில் போடமாட்டார். இன்றைக்குத் தட்டு மேசையில் இருந்தது. ஒரே ஒரு நட்டுதானே என்று சட்டைப் பையில் போட்டார்.

அப்போது போன் அடித்தது. மனைவி.

"வாசல்ல நிக்கிறேன். தம்பிக்கு ஸ்வெட்டர் பின்னினேன்ல, அந்தப் பார்சலைப் பிளேன்ல போட்டு அனுப்பிடுங்க. காவலாளி உள்ள விடமாட்டேங்கிறார்."

ஓடினார். வாங்கிக்கொண்டு வந்தபோது விமானத்தை ஓட்டிப் போகிற பைலட்டம்மா என்ஜின் மூடியைச் சாத்தித் திருகியே முடித்திருந்தாள். மேகம் கூடுவதற்குள் மலையைத் தாண்டவேண்டுமென்று அவளுக்கு அவசரம். "முடிஞ்சதுதானே அண்ணே?" என்றாள். பார்சலை இருக்கைக்குப் பின்னால் வைத்தபடி "முடிஞ்சதும்மா" என்றார். விமானம் கிளம்பிப் போயிற்று.

முப்பத்தைந்து நிமிடப் பயணம். இருபத்தெட்டாவது நிமிடத்தில் மூக்குக் கண்ணாடியை எடுக்கப் பையில் கை விட்டவருக்கு நட்டு தட்டுப்பட்டது.

எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். வேறு எந்த நட்டாக இருக்கமுடியும்? நட்டு இல்லாவிட்டாலும் கம்பி தன் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். அதனால் புறப்படும்முன் பைலட்டம்மா செய்த சோதனையில் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அரை மணி நேரம் என்ஜின் அதிர்ந்தால்?

மைத்துனனைக் கூப்பிட்டார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. விமானம் வருகிற நேரத்தில் ஓடுதளத்தில் திரியும் நாய்களை விரட்டப் போனைக் கொட்டகையில் வைத்துவிட்டுத்தான் போவான். அப்படிச் செய்யச் சொன்னவரும் இவர்தான். பைலட்டம்மாவின் போன் அணைந்திருந்தது. ரேடியோ அறைக்கு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினார்.

"கூப்பிடு. விசிறியைத் தொடாதேன்னு சொல்லு. அது போதும்."

ரேடியோக்காரர் ஐந்து முறை அழைத்தார். மலை குறுக்கே நின்றது. அப்பால் உயரத்தில் பறந்துகொண்டிருந்த ஒரு பயிற்சி விமானத்தைப் பிடித்துச் செய்தியைச் சொன்னார். அந்தப் பைலட் அழைத்துப் பார்த்துவிட்டு, "பதில் இல்லை சார். இறங்கி ரேடியோவை அணைச்சிருப்பாங்க" என்றான்.

சாலை வழியாகப் போனால் இரண்டரை மணி நேரம். வேறு என்ன செய்யமுடியும்? ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி மறுபடி மைத்துனனின் எண்ணை அழுத்தினார். விசிறி தானாகவே படுக்கைவாட்டில் நின்றிருக்கலாம். கம்பி கழலாமலே இருக்கலாம். கழன்றிருந்தாலும் சிலிண்டரில் ஆவி இல்லாமல் இருக்கலாம். அவன் முதலில் பார்சலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிரிடா, பிரிச்சுப் போட்டுப் பாருடா என்று வாய்விட்டே சொன்னார். கடவுளை அதுவரை ஒரு தரம்கூடத் தொந்தரவு செய்யாத மனிதர், அந்தப் பத்து நிமிடத்தில் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. நடுவே போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"பார்சல் போய்ச் சேர்ந்திருக்குமாங்க?" மனைவி.

"வை. வைம்மா" என்று கத்தினார்.

அடுத்த முறை மைத்துனனின் எண்ணை அழுத்தியபோது மறுபக்கம் யாரோ எடுத்தார்கள். மைத்துனன் அல்ல. பைலட்டம்மா. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே... விசிறி அடிச்சிடுச்சு அண்ணே. உயிருக்கு ஒண்ணுமில்ல. கைதான். ஜீப்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்."

பட்டறை வேனில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மலைப்பாதை முழுக்க அவள் அழுதாள். இடையில் ஒருமுறை அழுகையை நிறுத்தி, "நீங்க பார்த்த வண்டிதானே? உங்க கை பட்டும் எப்படி இப்படி ஆகும்?" என்றாள். உண்மையாகவே புரியாமல் கேட்டாள். நட்டு பையிலேயே இருந்தது. அதை எடுத்து ஜன்னல் வழியே எறிந்தால் போதும், அதிர்வில் தானாகக் கழன்று விழுந்ததென்று எழுதி முடிப்பார்கள். அவர் சொல்லை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். இந்த எண்ணம் ஒரு தரம் வந்தது. வளைவு தாண்டியதும் இன்னொரு தரம் வந்தது. எறியவில்லை, சொல்லவுமில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் ஆறு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் மைத்துனன் கிடந்தான். வலது முன்கை இரண்டாக முறிந்திருந்தது. மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டுப் போட்ட கைக்கு முட்டுக்கொடுக்க, பிரிக்காத அந்தப் பார்சலை அடியில் வைத்திருந்தார்கள். அக்கா தலைமாட்டில் போய் நின்று அவன் முடியைக் கோதினாள். அவன் கண் மாமாவைத்தான் தேடியது. அதில் இருந்தது வலி மட்டுமல்ல. திட்டு வாங்கப் போகிறவனுடைய பயம்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. நான் அவசரப்படல. சுவிட்சு மாத்தியாச்சா, யார் மாத்தினதுன்னு கேட்டேன். உங்க மாமாதான்னு சொன்னாங்க. அதுக்கப்புறமும் கண்ணாடியில சாவி இருக்கான்னு பார்த்தேன்." மூச்சு விட்டுக்கொண்டான். "ரெண்டு தரம் பார்த்தேன் மாமா."

அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து நட்டை எடுத்துப் போர்வைமேல், அவனுடைய நல்ல கைப்பக்கம் வைத்தார்.

"உன்மேல தப்பில்ல மாப்ளே. கம்பி முனையில இருக்கவேண்டியது இது. கழட்டினேன். திரும்பப் போடல. என் பையிலேயே இருந்துச்சு. நான்தான் உன் கையை..." ஆறு கட்டில்காரர்களும் பார்க்க, பெரிய மனிதர் விம்மி விம்மி அழுதார்.

முடியைக் கோதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

மைத்துனன் நட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் கோபத்துக்குப் போகிறதா, அழுகைக்குப் போகிறதா என்று தெரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அப்போ அந்தக் கம்பி இன்னமும் தொங்கிக்கிட்டுத்தான் இருக்கா?"

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"பிளேன் அங்கேயேதான் நிக்குது மாமா. பைலட்டம்மாவும் இங்க வந்துட்டாங்க, காவலுக்கு ஆளில்ல. அடிபட்டதைக் கேட்டுச் சனங்க கூடியிருப்பாங்க. வேடிக்கை பார்க்க வந்தவங்க யாராச்சும் தொட்டுப் பார்த்தா? போங்க. போய் மாட்டுங்க முதல்ல."

கண்ணைத் துடைக்கக்கூட நிற்காமல் ஓடினார். வார்டுக் கதவைத் தாண்டி, தாழ்வாரத்தில் பாதி தூரம் போன பிறகுதான் கை வெறுங்கையாக இருப்பது உறைத்தது. நட்டு போர்வைமேலேயே கிடந்தது. திரும்பி ஓடி வந்தார். கதவருகில் மனைவி அதைக் கையில் ஏந்தி அவருக்காக நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.