ரொட்டிக்குள் சொதி

ஆசியா எங்கே இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பாளையங்கோட்டையும் அதில் சேர்ந்ததுதான் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன ஆவணியில் சென்னைக்குப் போய், மகளோடு ‘ஆசியப் பாணி’ என்று பலகை போட்ட சாண்ட்விச் கடைகளில் ஏறி இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆசியா வியட்நாமில் தொடங்கி ஜப்பானில் முடிந்துவிடுகிறது. நாமெல்லாம் அதற்கு வெளியே நின்று, அதை வாங்கித் தின்கிற ஆட்கள்.

மகள் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சென்னையில் அங்கங்கே கிளை வைத்திருக்கும் ஒரு சாண்ட்விச் கடையில் சேர்ந்திருந்தாள். புதிது புதிதாகச் சாண்ட்விச் யோசித்துச் செய்து காட்டுவது அவள் வேலை. இதற்கு ஒரு ஆள் வேண்டுமா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். சொந்தக்காரர்களிடம் அவள் இன்னும் கம்ப்யூட்டரில்தான் இருப்பதாகச் சொல்லிவந்தேன். ரொட்டிக்குள் காய் வைக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது எப்படி என்பது என் கவலை.

ரொட்டி என்றால் எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்கு வாங்கிப்போவது. ஆஸ்பத்திரியில் ஆள் கிடந்தால் ஒரு ரொட்டிப் பாக்கெட், நாலு சாத்துக்குடி. உடம்பு தேறியவன் அதற்கு மேல் ரொட்டியைத் தொடமாட்டான். நல்ல உடம்போடு இருக்கிறவர்கள் வரிசையில் நின்று ரொட்டி வாங்குவதைச் சென்னையில்தான் பார்த்தேன்.

நான் அங்கே போனதற்குக் காரணம் மகளின் ஒரு போன்.

"எப்பா, நம்ம ஊருச் சொதிய வச்சு ஒண்ணு செஞ்சிருக்கேன். முதலாளியம்மா வார வெள்ளிக்கிழமை ருசி பாக்காங்க. அது கடை மெனுப் பலகையில ஏறிச்சின்னா வேலை நிரந்தரம். இல்லன்னா பெட்டியக் கட்டவேண்டியதுதான். நீங்க வந்து ஒரு வாய் தின்னு பாத்துச் சொல்லணும்."

"உங்கம்மாவக் கூப்பிடு. சொதி வைக்கிறது அவதான்."

"அம்மா பாவம்னு விட்டுருவா. உங்க நாக்குதான் வேணும்."

என் நாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எனக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. ஆனால் குறை தெரியும். திருச்செந்தூரிலோ திசையன்விளையிலோ கல்யாணம் என்றால் குடும்பத்தோடு போவோம். பந்தியில் உட்கார்ந்திருக்கும்வரை எனக்கு எல்லாம் அருமைதான். இலையை மூடிவிட்டு, பெண் வீட்டுக்காரர் கையைப் பிடித்து, "சாப்பாடு அருமை" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். பஸ் ஏறியதும் ரசத்தில் தொடங்கினால், பாயசத்தை முடிக்க பாளையங்கோட்டை வந்துவிடும். மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டே வளர்ந்தவள்.

வெளியாள் வைத்த இலைக்கு அருமை, வீட்டாள் வைத்த தட்டுக்குக் குறை. எங்கள் பக்கத்துப் பழக்கம் இது. என் மனைவியின் குழம்பை ஒருநாள் ஏதோ ஞாபகத்தில் "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டேன். "ஏன், நான் என்ன சம்பந்தி வீடா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். புளி தூக்கலாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கியிருந்தால் வம்பே இல்லை.

புதன்கிழமை போய் இறங்கினேன். மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள். அங்கே அடுப்பு கிடையாது. அதனால் அவளுடைய சொதி ரொட்டியை அவள் கடைச் சமையலறையில், வெள்ளிக்கிழமைதான் தின்ன முடியும் என்று ஆகிவிட்டது. அதற்கு முன்னால் மற்றக் கடைகளில் என்ன கொடுக்கிறார்கள் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். கூட்டிப் போனாள்.

முதல் கடை வியட்நாம் பாணி. கல்லாவில் நின்ற பெண் என்ன ரொட்டி, எந்தக் காய், எந்தச் சாஸ், சூடா, ஆறியதா, காரம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனாள். நான் பெண் பார்க்கப் போன வீட்டில்கூட என்னை இத்தனை கேள்வி கேட்கவில்லை. உட்கார ஒரு உயரமான முக்காலி. கால் தரையில் படாமல் தொங்க, சாப்பிட உட்கார்ந்த மாதிரியே இல்லை, முடி வெட்ட உட்கார்ந்த மாதிரி இருந்தது. தட்டு கிடையாது. முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி, காகிதத்தில் சுற்றி வந்தது. கடித்தேன். மேலண்ணம் கிழிந்தது. முன்னால் நான் கடிக்க, பின்னால் கேரட்டும் முள்ளங்கியும் வெள்ளரியும் காகிதத்தில் கொட்டின. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவதைக் கண்ணால் பார்த்தேன். கடைசியில் வாயில் மிஞ்சியது கொத்தமல்லித் தழை.

"இதுல வியட்நாம் எங்கன இருக்கு?" என்று கேட்டேன்.

"அந்த ஊறுகாய்தாம்பா."

ஊறவைத்த முள்ளங்கி ஊறுகாயாம். எங்கள் வீட்டு நார்த்தங்காய் கேட்டால் சிரிக்கும்.

அடுத்தது கொரியா. முட்டைக்கோஸைப் புளிக்கவைத்து, அதன் மேல் பாலாடைக்கட்டியை உருக்கி ஊற்றி, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத இனிப்பு ரொட்டியில் வைத்து அமுக்கியிருந்தார்கள். ரொட்டி இனிப்பு, உள்ளே புளிப்பு, மூக்கில் வாடை. எங்கள் வீட்டில் அந்த வாடை வந்தால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு என் மனைவி நேரே கொல்லைக்குப் போவாள். இங்கே அதற்கு இரண்டு பையன்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தின்பதற்கு முன்னால் எடுத்துவிடுவது நல்லது. தின்ற பிறகு முகத்தில் சிரிப்பு வராது.

வியாழக்கிழமை ஜப்பான். இதுதான் உச்சம். ஓரம் வெட்டிய வெள்ளை ரொட்டி, நடுவில் பாலேடு, அதற்குள் ஸ்ட்ராபெரிப் பழம். அவ்வளவுதான். உப்பில்லை, காரமில்லை, சூடில்லை. காய்ச்சல்காரனுக்கு ரொட்டியும் பழமும் தனித்தனியாகக் கொண்டுபோகிறோம். இவர்கள் ஒன்றாக ஒட்டிக் கொடுத்து அதற்கு ஒரு விலையும் போட்டிருக்கிறார்கள். நோய் மட்டும்தான் நாம் கொண்டுவர வேண்டும்.

"ஒண்ணுமே உங்களுக்குப் பிடிக்கலையாப்பா?" என்றாள் மகள்.

"தண்ணி நல்லாருந்துச்சி."

அவள் சிரித்தாள். ஆனால் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். "நாளைக்கும் இப்பிடியே சொல்லணும், என்ன? ஒண்ணையும் விட்டுறாதிய. முதலாளியம்மா மத்தியானம்தான் வருவாங்க. நாம காலையிலேயே போயிருவோம். நீங்க சொல்லுத குறையெல்லாம் சரிபண்ண எனக்கு நேரம் இருக்கும்."

வெள்ளிக்கிழமை காலையிலேயே போனோம். முதலாளியம்மா எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தன்மையான பெண்மணி. "அங்கிள், உங்களைப் பார்க்கணும்னே சீக்கிரம் வந்துட்டேன். சொதி ஊர்க்காரர் வாயாலேயே கேட்டுடலாம்ல?" என்றார். மகளின் முகம் வெளுத்தது. நான் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

சொதி என்பது எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் போடுகிற தேங்காய்ப்பால் குழம்பு. முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பாசிப்பருப்பு. முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். தேங்காய்ப்பால் மந்தம் என்பதால் பக்கத்தில் இஞ்சிப் பச்சடி கட்டாயம். பச்சடி இல்லாமல் சொதி வைத்த வீட்டில் எங்கள் ஆட்கள் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

மகள் கொண்டுவந்து வைத்தாள். கடித்தேன். பால் கொதித்து எண்ணெய் பிரிந்திருந்தது. குழம்பு ஒழுகாமல் இருக்கச் சோளமாவு போட்டுப் பசையாக்கியிருந்தாள். சுவரொட்டி ஒட்டலாம். முருங்கைக்காயை வழித்துப் போட்டது நல்ல யோசனைதான், ஆனால் அதன் தலையில் பாலாடைக்கட்டி உட்கார்ந்து அமுக்கியது. எலுமிச்சை இல்லை. இஞ்சிப் பச்சடி மருந்துக்கும் இல்லை. ஒரு கடியிலேயே நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது.

இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளின் பிழைப்பு என் வாயில் இருந்தது. வெளியாள் முன்னால் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்கலாமா? முழுங்கினேன். கையைத் துடைத்துக்கொண்டு, "அருமை" என்றேன். "ரொம்ப நல்லாயிருக்கு."

முதலாளியம்மாவுக்குச் சந்தோஷம். "தாய்லாந்துக் கறி மாதிரி இருக்குன்னு நானும் நினைச்சேன். ஆசியப் பாணின்னு பேர் போட்டு அடுத்த மாசமே பலகையில ஏத்திடலாம்" என்றார். மறுவீட்டுச் சொதி, கடைசியில் ஆசியாவுக்குள் நுழைந்துவிட்டது, அதுவும் தாய்லாந்துக்காரன் வாசல் வழியாக.

தெருவுக்கு வந்ததும் மகள் நின்றுவிட்டாள். வேலை நிலைத்த பிள்ளையின் முகமாக அது இல்லை.

"அவ்வளவு மோசமாப்பா?"

"நல்லாருக்குன்னுதான சொன்னேன்."

"அதத்தான் கேக்கேன். சம்பந்தி வீட்டுல சொல்லுத மாதி கையத் தொடச்சிக்கிட்டுச் சொன்னியளே. எனக்குத் தெரியாதாப்பா?" கண்ணில் தண்ணீர் நின்றது. "நம்ம ஊரு ஆளுக எவ்வளவு பேரு இங்கன இருக்காங்க. தின்னு பாத்துட்டு சிரிக்க மாட்டாங்களா? வேலை போனாலும் வேற வேலை பாத்துக்கிடலாம். நீங்க என்னைய வெளியாளாக்கிட்டியளே."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அங்கேயே, நடைபாதையில், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, பால் கொதித்ததில் தொடங்கிப் பாலாடைக்கட்டிவரை ஒன்றுவிடாமல் சொன்னேன். இளநீர்க்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இஞ்சிப் பச்சடி எங்கட்டி?"

"கருப்பா இருக்கு, யாரும் திங்க மாட்டாங்கன்னு முதலாளியம்மா வேண்டாம்னுட்டாங்க."

"புளிச்ச முட்டைக்கோசத் திங்குத ஆளுக இதத் திங்க மாட்டானுவளா?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலாளியம்மாவைப் பார்க்கக் கடை மாடிப்படி ஏறிப் போனாள். நான் ஒரு இளநீர் குடித்தேன். அந்த மூன்று நாளில் நான் உருப்படியாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான். திரும்பி வந்தவளின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

"இப்போதைக்குப் பலகையில ஏத்த வேண்டாம்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் செஞ்சு காட்டணும். அதுவும் சரியில்லன்னா அவ்வளவுதான்."

"என்ன காரணம் சொன்ன?"

"எங்கப்பா பொய் சொல்லிட்டாங்கன்னு சொன்னேன். நல்லா இருந்தா உங்கப்பா என்ன சொல்வாருன்னு கேட்டாங்க. குறை சொல்லுவாங்கன்னேன். பேந்தப் பேந்த முழிக்காங்க."

நான் ஊர் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளும் வந்து இறங்கினாள், பை நிறைய ரொட்டியோடு. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "வீட்டுல யாருக்கும் முடியலையா அண்ணாச்சி?" என்று விசாரித்தார். அவர்மேல் தப்பில்லை.

அம்மாவும் மகளும் அடுப்படியில் மத்தியானம்வரை மல்லுக்கட்டினார்கள். அம்மா தேங்காய் திருக, மகள் பால் பிழிந்தாள். "பைய கிண்டு, கொதிச்சிராம" என்கிற சத்தம் முன்கட்டுவரை கேட்டது. இஞ்சி வதங்குகிற வாசனையும் வந்தது. பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி ஓடவில்லை.

தட்டில் வைத்துக் கொடுத்தாள். ரொட்டியைத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு முறுகலாக வாட்டியிருந்தாள். ஒரு பக்கம் கெட்டியான சொதி. சோளமாவு இல்லை, பாசிப்பருப்பைக் குழைத்தே இறுக்கியிருந்தாள். மறு பக்கம் இஞ்சிப் பச்சடி. நடுவில், மறுவீட்டுப் பந்தியில் வைக்கிற மாதிரியே, உருளைக்கிழங்கு வறுவல்.

அந்த ரொட்டி சனியனை நான் இன்றைக்கும் மதிக்கவில்லை. இதையே ஒரு தட்டுச் சோற்றில் ஊற்றிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்றுதான் இப்போதும் கேட்பேன். ஆனால் வாயில் வைத்ததும் மந்தமும் உறைப்பும் எலுமிச்சையும் ஒன்றுக்கொன்று இடம்விட்டு வந்தன. கடிக்கும்போது ஒன்றும் பின்னால் கொட்டவில்லை. முழுவதையும் தின்றுவிட்டேன்.

மகள் எதிரே நின்றாள். வேலையைப் பற்றி அவள் கேட்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குறை தேடினேன். பாலைத் தேடினேன், பச்சடியைத் தேடினேன், பருப்பைத் தேடினேன். கல்யாணப் பந்திகளில் எனக்கு ஒருநாளும் இப்படி ஆனதில்லை. ஒன்றும் அகப்படவில்லை. நல்லாயிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

"உப்பு கம்மி" என்றேன். தட்டை நீட்டினேன்.

என் மனைவி கரண்டியில் சொதியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்களுக்கு நாக்குச் செத்துப்போச்சா?"

மகள் திரும்பி நின்று, இன்னொரு ரொட்டியைக் கல்லில் போட்டாள். உப்பு டப்பாவை அவள் தொடவே இல்லை.