பதினைந்து மீற்றர் சங்கிலி

பிழை என்னுடையது. பழியை மனைவியின் மேல் போட்டேன்.

ஓய்வுபெற்றபின் நாங்கள் இருவரும் ரொறன்ரோவிலிருந்து பாய்மரப் படகில் கரீபியன் வரை போனோம். ஒரு தீவின் குடாவில் நங்கூரம் போட்டோம். சங்கிலி நீளமாகக் கிடந்தால்தான் நங்கூரம் பிடிக்கும். முப்பது மீற்றர் விடவேண்டிய நான் அவசரத்தில் பதினைந்தோடு நிறுத்திவிட்டேன். நங்கூரம் மண்ணில் இறுகப் படகைப் பின்னுக்கு எடுத்தது மனைவி. மத்தியானம் காற்று எழும்ப, படகு இழுபட்டுப் பக்கத்துப் படகில் மோதியது. அதிலிருந்த தம்பதி பார்த்திருக்க, சுக்கான் பிடித்த மனைவியிடம் கத்தினேன்.

"படகைப் பின்னுக்கு எடுக்கவும் தெரியாட்டி ஏனப்பா வந்தனீர்?"

அதன்பின் அவள் சுக்கானைத் தொடவேயில்லை.

வீடு திரும்பியதும் அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு மட்டுமோ சொல்லுறியள்? கத்தினது அவையளுக்கு முன்னால."

அவள் கேட்டிருக்க அந்தத் தம்பதிக்குப் போன் எடுத்து ஒப்புக்கொண்டேன். கணவர் சிரித்தார், அவருக்கு அது மறந்தேபோயிற்றாம். அவள் சிரிக்கவில்லை.

இந்தக் கோடையில் ஒன்ராறியோ ஏரியில் படகை இறக்கினேன்.

"வாருமன்."

"நீங்கள் போயிட்டு வாங்கோ. தொப்பியை மறக்காதேங்கோ."

இவ்வளவு செய்தும் தீரவில்லையே என்று எரிச்சல் வருகிறது. யாரில் எரிந்து விழுவது? இப்போது முப்பது மீற்றரையும் ஒழுங்காக விடுகிறேன். திரும்பிப் பார்த்தால் சுக்கானில் ஒருவருமில்லை.