மூன்றாவது ரைடுக்கு யார் போனது?

1. திருமழபாடியில் கேட்ட கேள்வி

"சார், நீங்களே சொல்லுங்க. ரைடு சரியில்லையா, கேட்ச் சரியில்லையா?"

கபடி அரையிறுதியில் தோற்ற அணியின் தலைவர் தங்கராசு, என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். வாயிலிருந்து விசிலை எடுக்கக்கூட விடவில்லை மனுஷன்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தேன். சனி, ஞாயிறுகளில் பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கபடி ஆட்டங்களுக்கு அம்பயர். இப்போது இரண்டிலிருந்தும் ஓய்வு. புதிதாக விசில் பிடிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: நாக் அவுட்டில் தோற்ற எந்த அணியும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஊர் திரும்பியதில்லை. ஆனால் பதில் யாருக்கும் வேண்டாம். பழி போட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தங்கராசுவுக்குக் குரும்பலூர் ரோட்டில் ஹார்டுவேர் கடை. அணிக்கு வேன், பிரியாணி, ஃபிளக்ஸ் எல்லாம் அவர் செலவு. ஆகவே கபடி அறிவும் அவருக்குத்தான் அதிகம் என்று ஊரே ஒப்புக்கொண்டிருந்தது. அவருடைய மச்சினன் பிரபுதான் மெயின் ரைடர், எதிரணிக்குள் பாடிப் போகிறவன். லீக் ஆட்டங்களில் சோப்ளாங்கி அணிகள் வந்தால் தொடையைத் தட்டிக்கொண்டு பாயிண்ட்டாக அள்ளுவான். அவனுக்குக் கிடைத்த கோப்பைகளுக்கு வீட்டில் இடமில்லை. அணிக்கென்று ஒரு கோப்பையும் கிடையாது. இந்த அதிசயம் எப்படி நடக்கிறதென்று யோசிக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கேட்ச்தான் சார் சரியில்ல. கேட்ச்தான்."

வருஷா வருஷம் இதே தீர்ப்புதான். ஒரு வருஷம் உள்ளே நின்று பிடிக்கிற கவர் ஆளை மாற்றினார்கள். அடுத்த வருஷம் ரைட் கார்னரை மாற்றினார்கள். இந்தத் தடவை இடது ஓரத்தில் நின்று பிடிக்கிற லெஃப்ட் கார்னர் முருகேசன் மாட்டினான். சுண்ணாம்புக்கல் லாரியில் லோடுமேன் வேலை பார்க்கிறவன். அவன் ஒரு கணுக்காலைப் பிடித்தால் எதிராளிக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

"ஏண்டா, காலு கைக்கு வந்தும் வுட்டுட்டியேடா! சோறுதான திங்கிற? அடுத்த டோர்னமெண்டு ஒனக்குக் கடைசி சான்ஸு, பாத்துக்க!"

முருகேசன் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிரபு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி வுடு மாமா, அண்ணன் இனிமே நல்லா ஆடும்" என்றான். என்ன பெருந்தன்மை!

2. மிட் லைனிலிருந்து தெரிந்தது

ஃபுட்பாலில் கோல் போடத் தெரியாதவனும் கடைசிவரை மைதானத்தில்தான் நிற்பான். கபடியில் அந்தச் சலுகை இல்லை. ரைடு போய் மாட்டினவன் வெளியே போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தவன் கேட்ச் பிடிக்க முடியாது. ரைடு வேறு, கேட்ச் வேறு என்று பிரித்துப் பேசுகிறவன் கபடி பார்க்கவில்லை, பிரியாணிக்கு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

இன்னொரு ரூல். ஒரு அணி தொடர்ந்து இரண்டு ரைடு பாயிண்ட் இல்லாமல் திரும்பினால், மூன்றாவது ரைடில் கட்டாயம் பாயிண்ட் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் போனவன் அவுட். இதைத்தான் தேர்ட் ரைடு என்போம்.

பலமான அணி எதிரே நின்றால் பிரபு என்ன செய்வான்? முதல் ரைடு போவான், கட்டாயம் தாண்ட வேண்டிய உள்கோட்டை மட்டும் தாண்டிவிட்டுப் பத்திரமாகத் திரும்புவான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வந்ததும் அவனுக்கு ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். குனிந்தபடியே, "முருகேசண்ணே, நீ ஒண்ணு போயிட்டு வா" என்பான். முருகேசன் கார்னர் ஆள். அவனுக்கு ரைடு வராது. போவான், மாட்டுவான், வெளியே உட்காருவான். கார்னர் காலி. எதிரணி ரைடர் அந்த வழியாக பஸ் ஸ்டாண்டுக்குள் போகிற மாதிரி போய்ப் போய் வருவான்.

திருமழபாடியிலும் அதே கதைதான். கடைசியில் முருகேசன் திரும்ப உள்ளே வந்து, மூன்றே பேர் நிற்கும்போது, அவன் கையிலிருந்து ஒரு கால் நழுவியது. அதை மட்டும் ஊர் பார்த்தது.

மனசு கேட்காமல் தங்கராசுவிடம் சொன்னேன். "தேர்ட் ரைடுக்கு யாரு போறாங்கன்னு கொஞ்சம் பாருங்க."

"பிரபு அவுட்டாயிட்டா டீமே போச்சுல்ல சார்? அதான் அவனை சேஃபா வச்சிருக்கோம்."

சேஃபாக வைத்திருக்க அவன் என்ன பேங்க் லாக்கர் நகையா?

பத்து நாள் கழித்துப் பெரம்பலூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முருகேசன் பக்கத்தில் வந்தான். "சார், எம் பொண்ணு மூணாவது படிக்கிறா. கிளாஸ்ல 'ஒங்கப்பாதான வுட்டாரு'ன்னு கிண்டல் பண்றாங்களாம். வூட்டுக்கு வந்து அழுவுறா. அவ முன்னாடி ஒரு ஆட்டமாச்சும் எம் பேரு கெடாம ஆடணும் சார்."

என்ன செய்ய? அம்பயர் யாருக்காகவும் ஆட முடியாது.

3. எறையூர் அரையிறுதி

மறு வருஷம் எறையூரில் அதே அணி, மறுபடி அரையிறுதி. முருகேசன் பெண்டாட்டி பிள்ளையோடு வந்திருந்தான். அன்றைக்கு அவன் ஆடினானே, அது ஆட்டம்! எதிரணியின் பெரிய ரைடரைக் கணுக்காலில் பிடித்து உட்கார வைத்தான். அந்த ரைடர் மறுபடி உள்ளே வந்தான், முருகேசன் மறுபடியும் பிடித்தான். கரும்பு லாரி மேலே நின்று பார்த்த கூட்டம் விசிலடித்து என் விசிலே கேட்கவில்லை.

ஸ்கோர் சமம். நேரம் முடியப் போகிறது. பிரபு இரண்டு ரைடு போய்ச் சும்மா திரும்பியிருந்தான். இது தேர்ட் ரைடு, ஆட்டத்தின் கடைசி ரைடும் அதுதான். வழக்கம்போல லேஸ் அவிழ்ந்தது.

"அண்ணே, போ."

முருகேசன் கார்னரை விட்டு நகரவில்லை. "நான் கார்னரு தம்பி. நீதான ரைடரு? நீ போ."

"நான் அவுட்டாயிட்டா?"

"ஆனா ஆவு. வெளிய ஒக்காரு. நான் எத்தினி வருசமா ஒனக்காவ ஒக்காந்திருக்கேன்!"

நான் விசில் ஊதினேன். ஊதிய ஐந்து விநாடிக்குள் ரைடர் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் எதிரணிக்குப் பாயிண்ட். பிரபு மாமனைப் பார்த்தான். மாமன் முருகேசனைப் பார்த்துக் கத்தினார். "போடா, போடா!" முருகேசன் அசையவில்லை. பிரபுவும் அசையவில்லை. லேஸைப் பிடித்த கை அப்படியே இருந்தது. எதிரணிக்குப் பாயிண்ட் கொடுத்தேன். ஒரு பாயிண்டில் ஆட்டம் போனது.

பிரபு போய் மாட்டியிருந்தாலும் அதே ஒரு பாயிண்ட்தான் போயிருக்கும். யாரையாவது தொட்டிருந்தால் ஃபைனல். பயந்தவனுக்கு இந்தக் கணக்கு ஏறாது.

தங்கராசு ஓடி வந்தார். "ரைடு..." என்று ஆரம்பித்தார். ரைடே யாரும் போகவில்லையே! "கேட்ச்..." என்றார். பிடிக்க எதிரே ஆளே வரவில்லை. கடைசியில், "அம்பயரு சரியில்ல!" என்று முடித்தார். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுவும் ஒன்று.

பிறகு முருகேசன் பக்கம் திரும்பினார். "நீ போயிருந்தா ஜெயிச்சிருக்கலாம்டா. இனிமே டீமு பக்கமே வராத!"

"சரிண்ணே" என்றான் முருகேசன். அவ்வளவு நிம்மதியான 'சரி'யை நான் கேட்டதில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் மகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அப்பா, இன்னிக்கி நீ ஒருத்தரையும் வுடலப்பா! நான் பாத்துக்கிட்டே இருந்தேன்!"

அந்த லோடுமேன் மண்ணில் உட்கார்ந்து அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அம்பயர் கலங்கக் கூடாதென்று ரூல் புத்தகத்தில் எங்கும் இல்லை.

விசில் பிடிக்க வருகிறவர்களே, தோற்றவர்கள் உங்களிடமும் வந்து ரைடா, கேட்சா என்று கேட்பார்கள். தேர்ட் ரைடுக்கு யாரை அனுப்பினீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் பாதிப் பேர் பேசாமல் வேனில் ஏறிவிட்டார்கள். மீதிப் பேர் என்னைத் திட்டிவிட்டு ஏறினார்கள்.